சங்கச் சந்தா: சம்பளத்தில் பிடிக்கலாமா, வங்கிக்கு எழுதிக் கொடுக்கலாமா, கையில் வாங்கலாமா?

கல்லூரி திறந்து ஆசிரியர் சங்கத்தின் முதல் கிளைக் கூட்டம் கூடினால் பொருளாளர் எழுந்து சொல்வது பெரும்பாலும் ஒரே செய்திதான். உறுப்பினர் அறுபது பேர், அதில் இருபத்திரண்டு பேர் போன வருஷச் சந்தாவே பாக்கி, மாநில அமைப்புக்குப் பங்குத்தொகை போக வேண்டும். உடனே ஒருவர், "ஆபீஸ்ல சொல்லிச் சம்பளத்துலயே பிடிச்சிடலாமே சார்" என்பார். பக்கத்து நாற்காலியிலிருந்து, "லிஸ்ட்டு மேனேஜ்மென்ட் கைக்குப் போயிடும், யோசிச்சுச் சொல்லுங்க" என்று பதில் வரும். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. தர்மபுரி அரசு கலைக் கல்லூரிக்குப் பொருந்துவது ஒசூர்ப் பக்கத்துச் சுயநிதிக் கல்லூரிக்குப் பொருந்தாது. நிரந்தரப் பேராசிரியருக்குச் சரியாக வருவது கௌரவ விரிவுரையாளருக்கு வராது.

கணக்குக்காக இந்தக் கட்டுரை முழுதும் 60 உறுப்பினர், மாதம் 100 ரூபாய், ஆக வருடம் 72,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கிளையின் எண்ணைப் போட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

"எது சுலபம்" என்ற ஒரே கேள்வியோடு முடிவெடுக்கிற கிளைகள் ஆறு மாதத்தில் முறையை மாற்றிக்கொண்டிருக்கும். கேட்க வேண்டியவை இவை:

- உறுப்பினர் பட்டியல் யார் கையில் இருக்கும்?
- சம்பளம் தாமதமாகிற மாதத்திலும், சம்பளமே இல்லாத மாதத்திலும் என்ன ஆகும்?
- கண்ணுக்குத் தெரியாத செலவு எவ்வளவு? பொருளாளரின் நேரமும் செலவுதான்.
- ஒருவர் விலக நினைத்தால் எத்தனை பேரைப் பார்க்க வேண்டும்?
- இடமாறுதல் வந்தால் சந்தா கூடவே போகுமா, பழைய கிளையிலேயே தங்கிவிடுமா?
- நிர்வாகத்தோடு பிணக்கு வந்த நாளில் வரவு நிற்குமா?

கடைசிக் கேள்வியைத்தான் பலரும் கேட்பதில்லை. சங்கம் என்ற ஒன்று இருப்பதே அந்த நாளுக்காகத்தான் என்பதால், இதற்குக் கொஞ்சம் கூடுதல் எடை கொடுப்பது நல்லது.

## சம்பளப் பிடித்தம்

ஒருமுறை கையெழுத்துப் போட்டுவிட்டால் மாதாமாதம் யாரும் யாரையும் தேடிப் போக வேண்டாம். அறுபது பேரின் 6,000 ரூபாய் ஒரே வரவாகச் சங்கக் கணக்கில் ஏறும், கூடவே பெயர்ப் பட்டியலும் வரும். உறுப்பினர் எண்ணிக்கைக்கு இதைவிட வலுவான சான்று கிடையாது. மத்திய அரசு ஊழியர் சங்கங்களுக்கான 1993ஆம் ஆண்டு அங்கீகார விதிகளும், ஒரு பிரிவு ஊழியர்களில் குறைந்தது 35 விழுக்காட்டினர் உறுப்பினரா என்பதைச் சம்பளப் பிடித்தத்தை வைத்தே சரிபார்க்கச் சொல்கின்றன. நம் கல்லூரிகளுக்கு அந்த விதி பொருந்தாது. ஆனாலும், "உங்கள் சங்கத்தில் எத்தனை பேர்" என்று அதிகாரி கேட்கும்போது சம்பளப் பில்லைக் காட்டுவதற்கும் ரசீதுப் புத்தகத்தைக் காட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு.

சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடலாம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு, தொழிற்சங்கமாகப் பதிவான அமைப்பின் உறுப்பினர் கட்டணத்தை ஊழியரின் எழுத்துமூல ஒப்புதலோடு சம்பளத்தில் பிடிக்க அனுமதிக்கிறது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இங்கே இரண்டு முட்டுக்கட்டைகள். ஒன்று, அரசு தனியாக அறிவிக்கை வெளியிட்டாலொழிய, பிடித்தத்தைப் பற்றிச் சொல்லும் அந்த அத்தியாயம் அரசு நிறுவனங்களுக்குப் பொருந்தாது. ஆகவே அரசுக் கல்லூரியில் இது முழுக்கத் துறை அனுமதியைப் பொறுத்த விஷயம். இரண்டு, ஆசிரியர் அமைப்புகளில் பல 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானவை, தொழிற்சங்கங்கள் அல்ல. தொழிற்தகராறு சட்டத்தின் கண்ணில் ஆசிரியர் ஒரு தொழிலாளி அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 1988இலேயே சொல்லிவிட்டது. உங்கள் பதிவுச் சான்றிதழை எடுத்து எந்தச் சட்டத்தின் கீழ் என்று பாருங்கள். சங்கப் பதிவுச் சட்டம் என்றிருந்தால் பிடித்தத்தை உரிமையாகக் கேட்க முடியாது. நிர்வாகம் ஒத்துக்கொண்டால் உண்டு. அதே கல்லூரியின் ஆசிரியரல்லாத பணியாளர் அமைப்பு தொழிற்சங்கமாகப் பதிவாகி இருந்தால், அவர்கள் நிலை வேறு.

அரசுக் கல்லூரியில் முதல் வேலை பில் போடும் எழுத்தரைப் பார்ப்பதுதான். கருவூல மென்பொருளில், அதாவது இப்போது களஞ்சியம் என்று அழைக்கப்படும் ஐஎஃப்எச்ஆர்எம்எஸ்ஸில், உங்கள் சங்கத்துக்கான பிடித்தத் தலைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். தலைப்பு இல்லாவிட்டால் முதல்வர் மனம் வைத்தாலும் பில்லில் தனி வரி சேர்க்க முடியாது. கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கத்துக்குப் பிடிக்கிறார்களே, நமக்கு ஏன் கூடாது என்ற வாதம் எல்லாக் கூட்டத்திலும் வரும். அந்தப் பிடித்தத்துக்குக் கூட்டுறவுச் சட்டத்தின் பலம் இருக்கிறது, நம் சந்தாவுக்கு இல்லை.

அனுமதி கிடைத்துவிட்டது என்றால் ஒப்புதல் படிவத்தில்தான் எல்லாமே இருக்கிறது. வாசகம் இப்படி இருக்கலாம்:

*"பணியாளர் எண் ____ கொண்ட நான், ____ சங்கத்தின் உறுப்பினர் சந்தாவாக மாதம் ரூ.100 (ரூபாய் நூறு மட்டும்) தொகையை ____ மாதச் சம்பளம் முதல் பிடித்துச் சங்கத்தின் வங்கிக் கணக்கில் செலுத்த என் சொந்த விருப்பத்தின்பேரில் ஒப்புதல் அளிக்கிறேன். தொகை மாறினால் என்னிடம் புதிய ஒப்புதல் பெற வேண்டும். இந்த ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் விலக்கிக்கொள்வேன். கடிதம் கொடுத்த அடுத்த மாதப் பில்லில் பிடித்தம் நிறுத்தப்பட வேண்டும்."*

"பொதுக்குழு அவ்வப்போது முடிவு செய்யும் தொகை" என்று எழுதி வாங்குவது பொருளாளருக்கு வசதி. ஆனால் நூறு ரூபாய்க்குக் கையெழுத்துப் போட்டவர் ஒருநாள் பே ஸ்லிப்பில் 250 என்று பார்த்தால் சண்டை பொருளாளரோடு நிற்காது, சங்கத்தை விட்டே போய்விடுவார். வெள்ள நிவாரணம், மாநாட்டு நன்கொடை, வழக்கு நிதி எதையும் இந்தப் படிவத்தில் சேர்க்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தாள். அமெரிக்காவில் 2018இல் உச்ச நீதிமன்றம் அரசு ஊழியர் சங்கக் கட்டணத்தைப் பற்றிச் சொன்னதும் இதுதான்: ஊழியர் தெளிவாகச் சம்மதிக்காமல் ஒரு காசும் பிடிக்கக் கூடாது.

அடுத்தது வேலை வரிசை. தொகையையும் தொடங்கும் மாதத்தையும் பொதுக்குழுத் தீர்மானமாக எழுதுங்கள். படிவங்களை இரண்டு பிரதி வாங்கி ஒன்றைக் கோப்பில் வையுங்கள். தீர்மான நகல், வங்கிக் கணக்கு விவரம், பட்டியல் மூன்றையும் அந்த மாதப் பில் தயாராவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்னால் அலுவலகத்தில் கொடுத்து முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். முதல் மாதச் சம்பளம் ஏறியதும் ஐந்தாறு பேரின் பே ஸ்லிப்பைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பிடித்தவர் பட்டியல், வங்கியில் ஏறிய தொகை, உங்கள் உறுப்பினர் பேரேடு மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒரே துறையில் இரண்டு எம். கோவிந்தன் இருந்தால், உறுப்பினராகாதவரின் சம்பளத்தில் பிடித்துவிட்டு உறுப்பினரை விட்டுவிடுவது நடக்கிற காரியம். பெயரை வைத்துச் சரிபார்க்காதீர்கள், பணியாளர் எண்ணை வைத்துப் பாருங்கள்.

கெட்டுப்போகிற இடங்கள் வேறு. ஊதியமில்லா விடுப்பில் போனால் பிடித்தம் இருக்காது. திரும்பி வரும்போது பாக்கியை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். அரூரிலிருந்து பென்னாகரத்துக்கோ காரிமங்கலத்திலிருந்து பர்கூருக்கோ மாறுதல் கிடைத்தால் கடைசிச் சம்பளச் சான்றில் இந்தப் பிடித்தம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் சந்தா நின்றுவிடும். ஏறிவிட்டால் புதிய கல்லூரியிலிருந்து பணம் பழைய கிளைக் கணக்குக்கே வந்துகொண்டிருக்கும், இரண்டு கிளைப் பொருளாளர்களும் வருடக் கடைசியில் உட்கார்ந்து கணக்குத் தீர்க்க வேண்டும். சுயநிதிக் கல்லூரியில் இதைவிட மோசமான ஒன்று நடக்கலாம்: சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள், சங்கத்துக்கு மூன்று மாதம் அனுப்ப மாட்டார்கள். உறுப்பினர் தன் பங்கைக் கட்டிவிட்டார், சங்கத்தின் ஏட்டில் பாக்கிக்காரர். இதற்காகவே விதிமுறையில், "சம்பளத்தில் பிடிக்கப்பட்ட நாளே சந்தா செலுத்திய நாளாகக் கொள்ளப்படும்" என்று ஒரு வரி சேர்த்துவிட வேண்டும்.

மறைந்திருக்கும் பெரிய விலை பட்டியல். யார் உறுப்பினர், யார் புதிதாகச் சேர்ந்தார், யார் போன மாதம் விலகினார் என்று ஒவ்வொரு மாதமும் நிர்வாகத்துக்கு நாமே எழுதிக் கொடுக்கிறோம். அரசுக் கல்லூரியில் இதனால் பெரிய ஆபத்தில்லை, சங்கத்தில் இருப்பதை அங்கே யாரும் ஒளிப்பதும் இல்லை. ஒப்பந்தத்தை வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் தனியார் கல்லூரியில் அந்தப் பட்டியல் வேறு வேலைக்கும் பயன்படும். வேலைநிறுத்தத்தில் சம்பளம் வெட்டப்பட்டால் சந்தாவும் அதோடு வெட்டுப்படும், சங்கத்துக்குப் பணம் மிகவும் தேவைப்படும் அதே மாதத்தில்.

இன்னொரு சிறு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். பே ஸ்லிப்பில் வருவதால் சந்தாவுக்கு வருமான வரி விலக்கு உண்டு என்று சிலர் நினைக்கிறார்கள். கிடையாது. அரையாண்டுக்கு ஒருமுறை பிடிக்கும் தொழில் வரியைப் பழைய வரி முறையில் கழிக்கலாம். அதையும் தொழில்முறைச் சங்கச் சந்தாவையும் ஒன்றாக்கிப் பிப்ரவரியில் வரிப் படிவத்தில் எழுதினால் அலுவலகம் திருப்பி அனுப்பும்.

## வங்கிக்கு எழுதிக் கொடுப்பது

இதில் மூன்று வழிகள் கலந்து பேசப்படுகின்றன, பிரித்துப் பார்க்க வேண்டும்.

நிலையான ஆணை: உறுப்பினர் தன் வங்கிக்கு, "மாதம் 5ஆம் தேதி இந்தக் கணக்குக்கு 100 ரூபாய் அனுப்பு" என்று எழுதிக் கொடுப்பது, அல்லது இணைய வங்கியில் தானே பதிந்துவிடுவது. சங்கத்துக்கு எந்தச் செலவும் ஒப்பந்தமும் வேண்டாம். சேமிப்புக் கணக்கிலிருந்து இணையம் வழியே அனுப்பும் நெஃப்டுக்கு 2020 ஜனவரி முதல் கட்டணமும் இல்லை. சம்பளக் கணக்கு வேறு வங்கியில் இருந்தாலும் பரவாயில்லை. குறிப்பு இடத்தில் உறுப்பினர் எண்ணை எழுதச் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் வங்கி அறிக்கையில் பாதிப் பெயரும் நீண்ட எண்ணும் மட்டும் வரும், யார் பணம் என்று கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

நாச்: கடன் தவணைக்குப் பிடிப்பதுபோல் சங்கமே இழுத்துக்கொள்வது. இதற்குச் சங்கத்தின் வங்கி முன்வந்து பதிவு செய்துதர வேண்டும். அறுபது பேர் உள்ள ஒரு கிளைக்காக எந்த வங்கி மேலாளரும் இதற்கு மெனக்கெட மாட்டார். மாநில அமைப்பு எடுத்துச் செய்தால்தான் பொருந்தும். ஆணைப் படிவத்தில் நிலையான தொகை, அதிகபட்சத் தொகை என்று இரண்டு தேர்வு இருக்கும். அதிகபட்சம் 500 என்று கையெழுத்து வாங்கினால் சந்தா ஏறும்போது மறுபடி அலைய வேண்டாம். ஆனால் மேலே சொன்ன ஒப்புதல் சிக்கல் இங்கேயும் அப்படியே வரும்.

யுபிஐ தானியங்கிக் கட்டணம்: 2020இல் வந்தது. ஒருமுறை பின் எண் போட்டு அனுமதித்தால் போதும். ஒவ்வொரு பிடித்தத்துக்கும் ஒருநாள் முன்னால் செய்தி வரும், செயலிக்குள்ளேயே நிறுத்திவிடலாம். விலகும் சுதந்திரத்தில் இதற்கு இணையில்லை. ஆனால் சங்கம் வணிகர் கணக்காகப் பதிவாக வேண்டும், இடையில் இருக்கும் நிறுவனம் ஒவ்வொரு பிடித்தத்துக்கும் சிறு கட்டணம் கேட்கும். நூறு ரூபாய்ச் சந்தாவில் ஐந்து ரூபாய் அப்படிப் போனால் வருடம் 3,600 ரூபாய். ஆகவே மாதம் நூறு என்பதைவிட ஆறு மாதத்துக்கு 600 என்று ஆணை வாங்குவது புத்திசாலித்தனம்.

மூன்றுக்கும் பொதுவான எதிரி, கணக்கில் பணம் இல்லாத நாள். நாச் திரும்பினால் பல வங்கிகள் 250 முதல் 500 ரூபாய் வரையும் அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் உறுப்பினரிடம் பிடிக்கும். நூறு ரூபாய்ச் சந்தாவுக்கு 590 ரூபாய் அபராதம் கட்டியவர் மறுபடி சங்கத்தின் பக்கம் எட்டிப் பார்ப்பாரா? கௌரவ விரிவுரையாளர்களுக்கு வருடத்தில் 11 மாதமே தொகுப்பூதியம், மே மாதம் கிடையாது. அவர்களிடம் பன்னிரண்டு மாத ஆணை வாங்குவது மே மாதத்தில் ஒரு திரும்பலை நாமே எழுதி வைப்பதுதான். சுயநிதிக் கல்லூரிகளில் சம்பளம் ஏழாம் தேதி, பத்தாம் தேதி என்று தள்ளிப் போகும். அங்கே 5ஆம் தேதி போடாமல் 15ஆம் தேதி போடுங்கள்.

இதன் பெரிய பலம்: நிர்வாகத்துக்கு எதுவும் தெரியாது. மாறுதல் வந்தாலும் ஆணை கணக்கோடு இருக்கும், கல்லூரியோடு அல்ல. கிளையை மட்டும் மாற்றி எழுதிக்கொண்டால் போதும்.

## வருடத்துக்கு ஒருமுறை, ஒரே தொகையாக

சங்கக் கணக்கின் கியூஆர் அட்டையை ஒட்டிவிட்டு 1,200 ரூபாயை ஒரே தடவையில் வாங்குவது. நாற்பது பேருக்குக் குறைவான கிளைக்கு இதுவே போதும் என்பது எங்கள் கருத்து. நம் கணக்கில் உள்ள 60 பேர் என்றாலும் வருடத்துக்கு அறுபது வரவு, அறுபது ரசீது, இரண்டு மாலை வேலை.

எந்த மாதம் கேட்கிறோம் என்பதில்தான் வெற்றி தோல்வி. ஜூனில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம். பிப்ரவரியில் வருமான வரிப் பாக்கி மொத்தமும் அந்த ஒரு சம்பளத்தில் விழும். ஜூலைச் சம்பளம், இல்லாவிட்டால் அகவிலைப்படி நிலுவை ஏறும் மாதம் பார்த்துக் கேளுங்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கும் கௌரவ விரிவுரையாளருக்கும் இரண்டு தவணை கொடுக்கலாம்.

ஒரு கண்டிப்பு: கியூஆர் சங்கக் கணக்கினுடையதாக இருக்க வேண்டும். "இப்போதைக்கு என் ஜிபே நம்பருக்கே அனுப்பிடுங்க" என்று நல்லெண்ணத்தில் தொடங்குவது பொருளாளருக்கு மாறுதல் வந்தாலோ உடம்புக்கு முடியாமல் போனாலோ கைகலப்பு வரை போகும். அந்தக் கணக்கில் இருப்பது சட்டப்படி அவர் பணம். அவருக்கு ஏதாவது ஆனால் வாரிசுகளின் பணம். பதிவு பெற்ற சங்கத்தின் பெயரில் சேமிப்புக் கணக்கே தொடங்கலாம். பதிவுச் சான்று, விதிமுறை, சங்கத்தின் பான் அட்டை, கணக்கு தொடங்கும் தீர்மானம் போதும். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையெழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

## கையில் வாங்குவது

ஐந்து நிமிடம் ஒருவரிடம் என்றால் 60 பேர், 12 மாதம், வருடத்துக்கு 60 மணி நேரம். அதுவும் ஆள் இருக்கையில் இருந்தால். மாவட்டப் பொருளாளராக இருந்தால் கிருஷ்ணகிரியிலிருந்து ஒசூர் ஐம்பது கிலோமீட்டர், தளி அதற்கும் அப்பால். பஸ் கட்டணமும் ஒரு நாளும் போகும். வரிசை எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகம், அடிக்கட்டை, வாங்கிய பணத்தை ஒரு வாரத்துக்குள் வங்கியில் கட்டுவது, இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் தணிக்கையில் மாட்டும். 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதுக்குத்தான் வருவாய் முத்திரை வேண்டும் என்பதால் சந்தா ரசீதில் ஒட்டத் தேவையில்லை.

ஆனால் இதில் ஒரு லாபம் உண்டு. மாதம் ஒருமுறை பொருளாளர் நேரில் வந்து நிற்பதால் குறைகள் காதில் விழும். சம்பளப் பிடித்தத்துக்கு மாறிய பிறகு உறுப்பினரைப் பார்க்காமலே மூன்று வருடம் பொறுப்பில் இருந்துவிடலாம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | சம்பளப் பிடித்தம் | நிலையான ஆணை / யுபிஐ | வருடம் ஒருமுறை | கையில் |
|---|---|---|---|---|
| பட்டியல் யாரிடம் | நிர்வாகத்திடமும் | சங்கத்திடம் மட்டும் | சங்கத்திடம் மட்டும் | சங்கத்திடம் மட்டும் |
| பொருளாளர் உழைப்பு | மாதம் ஒரு மணி நேரம் | மாதம் இரண்டு மணி நேரம் | வருடம் இரண்டு மாலை | வருடம் 60 மணி நேரம் |
| உறுப்பினருக்கு மறைசெலவு | இல்லை | திரும்பினால் அபராதம் | ஒரே மாதச் சுமை | இல்லை |
| விலகுவது | கடிதம், அடுத்த பில் வரை காத்திருப்பு | தானே நிறுத்தலாம் | அடுத்த வருடம் கொடுக்காவிட்டால் போதும் | கேட்கும்போது மறுத்தால் போதும் |
| மாறுதலில் | அடிக்கடி தவறும் | தொடரும் | சிக்கலில்லை | புதிய கிளையில் மறுபடி |
| பிணக்கு நாளில் | நிற்கலாம் | தொடரும் | பாதிப்பில்லை | தொடரும் |

## எந்தக் கல்லூரிக்கு எது

அரசுக் கல்லூரி, நிரந்தரப் பணியாளர் அதிகம், மென்பொருளில் தலைப்பும் இருக்கிறது என்றால் சம்பளப் பிடித்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்பு இல்லாவிட்டால் தர்மபுரி இணை இயக்குநர் அலுவலகத்துக்கு ஒவ்வொரு கிளையும் தனித்தனியாக மனுப் போட்டுப் பயனில்லை. மாநில அமைப்பு வழியாக இயக்குநரகத்தில் கேளுங்கள், அது வரும்வரை நிலையான ஆணையில் ஓடுங்கள். உதவி பெறும் கல்லூரியில் அரசு மானியத்தில் சம்பளம் வாங்குபவரும் நிர்வாகம் சம்பளம் தருபவரும் ஒரே கிளையில் இருப்பார்கள். ஒரே முறையை இருவர் மீதும் திணிக்காதீர்கள்.

சுயநிதிக் கல்லூரியில், நிர்வாகமே "நாங்கள் பிடித்துத் தருகிறோம்" என்று முன்வந்தாலும் வேண்டாம் என்றே சொல்வோம். நிலையான ஆணை, அல்லது வருடம் ஒருமுறை. கௌரவ விரிவுரையாளருக்கு வருடத் தொகையை இரண்டாகப் பிரித்து, ஊதியம் கைக்கு வந்த வாரத்தில் வாங்குங்கள்.

பாதிப் பேர் ஒரு முறை, மீதிப் பேர் இன்னொரு முறை என்று வைப்பதில் தவறில்லை. பேரேட்டில் "செலுத்தும் வழி" என்று ஒரு பத்தி சேர்த்து, பி, ஆ, வ, கை என்று குறித்துவிட்டால் போதும். முறை மாறும் மாதத்தில் மட்டும் கவனம் தேவை: பிடித்தத்துக்கு ஒப்புதல் தந்தவர் பழைய நிலையான ஆணையை நிறுத்த மறந்தால் இரண்டு பக்கமும் பணம் போகும். முதல் பே ஸ்லிப்பில் பிடித்தம் வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு ஆணையை நிறுத்தச் சொல்லுங்கள். இரட்டையாக வந்த நூறு ரூபாயைத் திருப்பித் தராமல் அடுத்த மாதச் சந்தாவில் வரவு வைத்து, அந்தத் தேதியோடு ரசீது கொடுத்துவிடுங்கள்.